வர்ணம் கடைசியில் பார்க்கலாம், முதலில் அச்சையும் கேஸையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டிராவல் டிரெய்லரை (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீட்டை) வாங்கிப் புதுப்பிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, திரைச்சீலைக்கும் மெத்தை உறைக்கும் தாராளமாக இடம் கொடுத்துவிட்டு, பிரேக், கேஸ், மின்சாரம் மூன்றையும் “நல்ல மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்” என்ற ஒரே வரியில் முடித்துவிட்டது. கார் மெக்கானிக்குக் கேஸ் குழாய் பழக்கமில்லை, எலக்ட்ரீஷியனுக்குப் பேரிங் பழக்கமில்லை. எனவே எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று வாங்குகிறவருக்கே தெரிந்திருக்க வேண்டும். அலங்காரமெல்லாம் முடிந்த பிறகு சுவருக்குள் கசிவு தெரிந்தால், அடித்த பலகையை மறுபடி பெயர்க்க வேண்டியதுதான்.

முதல் வேலை, டிரெய்லரை இழுத்துக்கொண்டு பத்திரமாக வந்து சேர்வது. தேயாத டயர் நல்ல டயர் என்று நம்பக் கூடாது. ஆண்டுக்கணக்கில் வெயிலில் நின்ற ரப்பர் ஓட்டத்தில் பட்டையாக உரிந்து, மேலே உள்ள தகட்டையும் பக்கத்தில் போகும் கேஸ் குழாயையும் சேர்த்து அடித்துக் கிழிக்கும். பக்கச்சுவரில் ‘டிஓடி’ (DOT) என்று தொடங்கும் குறியீட்டு வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் அது 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. முடிவில் மூன்றே இலக்கம் என்றால் 2000-க்கு முந்தையது, காற்றடித்துப் பார்ப்பதே வீண். ஆறேழு ஆண்டு கடந்துவிட்டால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

அடுத்து ஹப்பை (சக்கரத்தின் மையக் கூட்டை) கழற்றி, பழைய கிரீஸ் துளியும் இல்லாமல் கழுவி, பேரிங்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ரோலரில் குழி விழுந்திருந்தாலோ, சூடேறி நீலம் பாய்ந்திருந்தாலோ, பேரிங்கையும் அது உட்காரும் வளையத்தையும் ஜோடியாக மாற்றுங்கள். புது கிரீஸை மேலே பூசினால் போதாது. உள்ளங்கையில் ஓர் உருண்டை வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுத்தால், ரோலர்களுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் புழு மாதிரி எட்டிப்பார்க்கும். சுற்று முழுக்க அப்படி வரும்வரை விடக் கூடாது. உட்பக்க சீல் கட்டாயம் புதிது போடுங்கள். சீல் கசிந்து பிரேக் லைனிங் கிரீஸைக் குடித்துவிட்டால், அதைக் கழுவிப் பயனில்லை. பிறகு ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டைச் சுமார் 68 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, முழுக்கத் தளர்த்தி, மறுபடி விரலால் மட்டும் முடுக்கி, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் போட வேண்டும். ஸ்பானரால் இறுக்கி அப்படியே விட்டால் கொஞ்ச தூரத்திலேயே ஹப் கொதிக்கும்.

மின்காந்த பிரேக்கில், 10, 12 அங்குல டிரம் என்றால் ஒரு சக்கரத்துக்குச் சுமார் 3 ஆம்பியர் ஓட வேண்டும், நான்குக்கும் சேர்த்துச் சுமார் 12. அளவு குறைந்தால் காந்தத்தைக் குறைசொல்லும் முன் துருப்பிடித்த எர்த் இணைப்பைப் பாருங்கள். கொக்கி கழன்றால் பிரேக் பிடிக்க வைக்கும் அவசர சுவிட்சை, காரின் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். வயர் மாட்டியிருந்தால் காரின் பேட்டரி உதவி செய்து, டிரெய்லர் பேட்டரி செத்திருப்பதை மறைத்துவிடும்.

அமெரிக்க டிரெய்லர் நிறுவனமான ஏர்ஸ்ட்ரீம் 1960-களில் கொண்டுவந்தது போன்ற ரப்பர் முறுக்கு அச்சில் பட்டைவில் கிடையாது, குழாய்க்குள் இருக்கும் ரப்பர் தண்டுகள்தான் அதிர்வைத் தாங்கும். சட்டத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கும்போது சக்கரம் கீழே இறங்கித் தொங்காமல் கூடவே மேலெழுந்தால் ரப்பர் இறுகிப்போனது என்று பொருள். இதைப் பழுதுபார்க்க வழியில்லை, அச்சையே மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் குழியில் விழும் அடியெல்லாம் நேராக டிரெய்லரின் உடலான கூண்டுக்குப் போய் ரிவெட்டுகளைத் தளர்த்தும்.

பிறகு பின் பம்பரில் ஏறி நின்று குதித்துப் பாருங்கள். கூண்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி திறந்து மூடினால் அங்கே பிளைவுட் தரை இற்றுவிட்டது. தரையின் ஓரங்களிலும் ஜன்னலுக்குக் கீழேயும் குத்தூசியால் குத்தினால் எதுவரை இற்றிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒழுக்கைக் கண்டுபிடிக்கக் கூரையில் தண்ணீர் ஊற்றுவது அரை வேலைதான், தண்ணீர் நுழைவது ஓரிடம், சொட்டுவது வேறிடம். எல்லாத் திறப்புகளையும் அடைத்து, ஒரு புளோயரால் உள்ளே காற்றை ஏற்றி, வெளியே சோப்பு நீர் தெளியுங்கள். நுரை எழும் இடமே ஓட்டை. அடைக்க பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை) போடுங்கள், சிலிக்கோன் டியூப்பைக் கையிலேயே எடுக்காதீர்கள். அது விட்டுப்போன படலத்தின் மேல் வேறெந்தப் பசையும் ஒட்டாது. முன்பிருந்தவர் சிலிக்கோன் அப்பிய கூரையைச் சுரண்டுவதைவிட எரிச்சலான வேலை டிரெய்லரில் இல்லை.

கேஸ் சோதனை முடியும்வரை அடுப்பு, ஹீட்டர், பிரிட்ஜ் எதையும் பற்றவைக்க வேண்டாம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் வளைத்து, பாதிவரை தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை அடுப்பின் ஜெட்டில் (கேஸ் வெளிவரும் முனையில்) இறுக்கமாகச் செருகினால் அழுத்தமானி தயார். இரு பக்க நீர்மட்டங்களின் வித்தியாசமே அளவு. சிலிண்டரைத் திறந்து அழுத்தம் ஏறியதும் மூடுங்கள். மூடிய கையோடு கசிவைப் பார்க்கக் கூடாது, ரெகுலேட்டருக்கு முன்னால் தேங்கிய கேஸ் கசிவை ஈடுகட்டி மறைத்துவிடும். கொஞ்சம் கேஸை வெளியேற்றி 8 அங்குலத்துக்கு இறக்கிவிட்டு 3 நிமிடம் பாருங்கள். மட்டம் நூலளவு இறங்கினாலும் கசிவு உண்டு. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவித் தேடுங்கள். அம்மோனியா, குளோரின் கலந்த சோப்பு மட்டும் வேண்டாம், அம்மோனியா பித்தளையில் விரிசல் விடவைக்கும்.

கசிவில்லை என்று உறுதியானதும், அடுப்புகளில் பாதியை எரியவிட்டு அழுத்தம் அளக்க வேண்டும். அமெரிக்க டிரெய்லர்களுக்கு 11 அங்குல நீர் அழுத்தம், இன்றைய ஐரோப்பிய வண்டிகளுக்கு 30 மில்லிபார். எல்லாவற்றையும் அணைத்தபின் 14 அங்குலத்துக்கு மேல் ஏறினால் ரெகுலேட்டர் போய்விட்டது. அதன் வயது தெரியாவிட்டால் சோதிப்பதைவிட மாற்றுவதே மேல்.

பழைய ஹீட்டர் பற்றித் தயங்காமல் சொல்லலாம்: வெப்ப அறையில் விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு நேராகப் படுக்கைக்கு வரும். விளக்கும் சிறு கண்ணாடியும் வைத்து உள்ளே பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால் கழற்றிப் போடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் கேஸ் அலாரம் தரையோரம் இருக்க வேண்டும்.

கேஸில் ஓடும் பிரிட்ஜில் அசையும் பாகமே இல்லை. அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் மூன்றும் அடைத்த குழாய்களுக்குள் சுற்றுகின்றன. பின்பக்கம் மஞ்சள் தூளோ அம்மோனியா நாற்றமோ இருந்தால் அதன் கதை முடிந்தது. அந்தத் தூள் நச்சு, வெறுங்கையால் தொடாதீர்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் வண்டியை மட்டமாக நிறுத்தி, முதலில் மின்சாரத்தில் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள். சாய்வாக நின்று ஓடிய பிரிட்ஜில் குழாய்க்குள் படிவு அடைத்துக்கொள்ளும்.

மின்சாரத்தில் ஆளைக் கொல்லக்கூடிய தவறு ஒன்று உண்டு. வீட்டு மின்சாரத்தில் ஓடும் பகுதியில் நியூட்ரலும் எர்த்தும் டிரெய்லருக்குள் சேரவே கூடாது. சேர்ந்திருந்து, வெளிச்சப்ளையில் நியூட்ரல் அறுந்தால், கூண்டு முழுவதும் மின்சாரம் பாயும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நியூட்ரல் பின்னுக்கும் கூண்டுக்கும் மல்டிமீட்டர் வைத்தால் தொடர்பு காட்டக் கூடாது, எர்த் பின்னுக்கும் கூண்டுக்கும் 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். மின்னணுப் பொருட்களைக் கழற்றிவிட்டு வயருக்கும் கூண்டுக்கும் நடுவே 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்தால் 1 மெகாஓமுக்கு மேல் காட்ட வேண்டும். 12 வோல்ட் பக்கத்தில் வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றிப் பேட்டரியை ஏற்றும் பழைய கன்வெர்ட்டர்தான் பேட்டரியின் எமன். பேட்டரி நிறைந்த பிறகும் 14 வோல்ட்டுக்கு மேல் தள்ளிக்கொண்டே இருந்தால் அமிலம் கொதித்து வற்றும், 13.6 வாக்கில் இறங்கி நிற்க வேண்டும். விளக்கு மங்கினால், அதை எரியவிட்டு விளக்கின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளக்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் கோளாறு எர்த்தில்தான். 2 சதுர மி.மீ. வயருக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் போதும். எரிகிற ஃபியூஸுக்குப் பெரியதைப் போட்டால் அடுத்து எரிவது வயர்.

தண்ணீர்க் குழாய் சாம்பல் நிற பாலிபியூட்டிலீன் என்றால் மொத்தமாக மாற்றிவிடுங்கள். 1978 முதல் 1990-களின் நடுப்பகுதி வரை போட்ட அந்தக் குழாயும் இணைப்புகளும் குளோரின் நீரில் நொறுங்கிப்போகும். மற்ற குழாய்களில் தண்ணீர் விடும் முன் 2 பார் காற்றை ஏற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். காற்று கசிந்தால் சத்தத்தோடு போகும், தரை நனையாது. டேங்கைச் சுத்திகரிக்க லிட்டருக்கு 1 மில்லி வீதம் 5 சதவீத பிளீச் கலந்து, எல்லாக் குழாய்களிலும் வாசனை வரும்வரை திறந்துவிட்டு, 4 மணி நேரம் ஊறவைத்து அலசினால் போதும். வாட்டர் ஹீட்டரை அதற்கு முன்பே காலிசெய்து, இரும்பு டேங்க் என்றால் அனோடு கம்பியை (டேங்க் துருப்பிடிக்காமல் தான் கரையும் கம்பியை) உருவிப் பாருங்கள். முக்கால்வாசி கரைந்திருந்தால் புதிது போட்ட பிறகே தண்ணீர் நிரப்ப வேண்டும்.

இப்படிக்கு,
டிரெய்லர் பழுதுபார்ப்பில் உள்ள வாசகர்