மக்களே, அந்த பால்கனிய கீழ நின்னு ஒரு தடவ பாரு

மக்களே,

நேத்து சாயங்காலம் நீ போன் பண்ணி "அம்மா பாஸ்டன் உறுதியாயிடுச்சு, ஹோட்டல்லேர்ந்து லெட்டர் வந்துட்டு"ன்னு சொன்னப்ப நான் சரி சரின்னு மட்டும் சொல்லிட்டு வச்சிட்டேன், நைட் டியூட்டிக்கு கெளம்புற நேரம், உனக்கு சப்புன்னு போயிருக்கும். சந்தோஷம் இல்லாம இல்ல, கேட்டியா. வார்டுல மூணு மணிக்கு எல்லாரும் ஒறங்கின பிறகு டீய வச்சிட்டு உக்காந்தேன், அப்ப தான் சொல்ல வேண்டியதெல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா வந்துச்சு, போன்ல சொன்னா நீ பாதியிலேயே "சரிம்மா தெரியும்மா"ன்னுருவ, அதனால எழுதுறேன். தமிழ் தட்டுத்தடுமாறி வாசிச்சாலும் பரவாயில்ல, மெதுவா முழுசா வாசி.

நீ போகணும், அத முதல்லயே சொல்லிர்றேன். இந்த அயர்லாந்துல காலேஜ் பிள்ளைகளுக்கு ஜே-1 சம்மர்ங்கிறது, அந்த விசாவுல கோடை லீவுக்கு அமெரிக்கா போய் வேலை செய்றது, ஒரு சடங்கு மாதிரி, எங்கூட வேலை பாக்குற நர்ஸுங்க பாதி பேரு அவங்க காலத்துல போயிட்டு வந்தவங்க தான், ஒருத்தி சிகாகோல ஐஸ்கிரீம் வித்த கதைய இருபது வருஷம் கழிச்சும் நேத்து நடந்த மாதிரி சொல்லுவா. ஆறு வயசுல உன்ன நாகர்கோவில்லேர்ந்து கூட்டிட்டு வந்து ஐரிஷ் பிள்ளையா வளத்துட்டு அந்த சடங்குக்கு மட்டும் போகாதேன்னு சொல்றது நியாயமே இல்ல. உங்கப்பாட்ட இதத்தான் சொன்னேன். அவங்களுக்கு வெப்ராளம், அது உன்ன ஷானன் ஏர்போர்ட்ல ஏத்திவிட்ட பிறகும் போகாது, அத நான் பாத்துக்கிறேன்.

முந்தியெல்லாம் விசாவ வாங்கிட்டு நேரா போய் எறங்கி தெருத்தெருவா ஏறி எறங்கி வேலை தேடிக்கலாம், 2016-லேர்ந்து தான் வேலை கையில இருந்தா தான் விசான்னு மாத்திட்டாங்க. அது நல்லது தான்னு எனக்கு தோணுது, போய் எறங்குற அன்னைக்கே இந்த வாசல்ல போய் நிக்கணும்னு ஒண்ணு தெரியும் பாரு. விசாவுக்கு வேண்டிய டிஎஸ்-2019 ஃபார்ம் வந்ததும் பேரு, பிறந்த தேதி, வேலை செய்ற எடம் எல்லாம் பாஸ்போர்ட்ட பக்கத்துல வச்சு ஒவ்வொரு எழுத்தா பாத்திரு, நம்ம பேரு எத்தனை தடவ தப்பாயிருக்குன்னு உனக்கே தெரியும். இன்டர்வியூக்கு டப்ளின்ல பால்ஸ்பிரிட்ஜ்ல இருக்கிற அமெரிக்க எம்பஸிக்கு போகணும், அந்த வட்டமான பில்டிங், உன் காலேஜ்லேர்ந்து பக்கம் தான், முந்தின நாளே ஒருக்கா போய் எடத்த பாத்துட்டு வா. இன்ஸ்டாகிராம் எல்லாம் எல்லாரும் பாக்கிற மாதிரி திறந்து வைக்கச் சொல்றாங்கல்லா, திறந்து வையி, ஃபார்ம்ல கேக்குற அஞ்சு வருஷத்து அக்கவுண்ட் பேரு ஒண்ணு விடாம எழுது, மறைச்சா தான் பிரச்சனை.

இனி சம்பளம். மாசசூசெட்ஸ்ல மணிக்கு 15 டாலர் குறைஞ்ச கூலின்னு நீ சொன்ன, சரி தான், ஆனா நீ டேபிள் பாத்து டிப்ஸ் வாங்குற வேலைன்னா கையில குடுக்குறது 6.75 டாலரா இருக்கலாம், மிச்சம் டிப்ஸ்ல வரணும், டிப்ஸும் சேத்து 15 வரலைன்னா மொதலாளி தான் அத ஈடு கட்டணும், அது சட்டம். அதனால எத்தனை மணி நேரம் நின்ன, எவ்வளவு டிப்ஸ் வந்துச்சுன்னு தெனமும் ராத்திரி ஒரு சின்ன நோட்டுல எழுதி வை. பே ஸ்லிப்ப பாக்காம தூக்கிப் போடாத. அதுல வருமான வரி பிடிப்பாங்க, அது இருக்கட்டும், ஆனா சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர்னு ரெண்டு பிடித்தம் ஜே-1-ல போற உங்களுக்கு வரக்கூடாது, வந்துச்சுன்னா மேனேஜர்ட்ட போய் மரியாதையா கேளு. கேக்க கூச்சப்படாத. ராத்திரி 10 மணிலேர்ந்து காலையில 6 மணி வரைக்குமே பெரும்பாலும் வர்ற ஷிஃப்ட் உங்களுக்கு குடுக்கவே கூடாதுன்னும் விதி இருக்கு. நாலு மாசம் தான் வேலை செய்யலாம், அதுக்கப்பறம் ஊர் சுத்திப்பாக்க 30 நாள் தருவாங்க, அந்த முப்பது நாள்ல ஒரு மணி நேரம் கூட வேலை செய்யாத, யார் கூப்பிட்டாலும்.

வீடு விஷயத்துக்கு வர்றேன், எனக்கு ஒறக்கம் வராதது இதுக்குத்தான்.

எட்டு பேரு சேந்து ரெண்டு ரூம் வீடு எடுக்கலாம்னு பேசிக்கிட்டு இருக்கீங்க. வாடகைய நெனச்சா எனக்கும் புரியுது, அதுலயும் இந்த வருஷம் உலகக்கோப்பை ஃபுட்பால் வேற அங்க நடக்குது. ஆனா பாஸ்டன்ல ஒரு வீட்டுல நாலு காலேஜ் பிள்ளைகளுக்கு மேல தங்கக்கூடாதுன்னு 2008-லேர்ந்து விதி இருக்கு மக்களே, மத்த நாலு பேரும் பேரு இல்லாம ஒளிஞ்சு இருக்கிற மாதிரி ஆயிடும், அப்படி இருக்கிற வீட்டுல கூரை ஒழுகினாலும் பூட்டு ஒடைஞ்சாலும் வீட்டுக்காரர்ட்ட போய் நிமிந்து நின்னு கேக்க முடியாது. அது எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும். நீ நாகர்கோவில்ல பாட்டிகிட்ட இருந்தப்ப நான் இங்க முதல்ல வந்து ஒரு வீட்டுல நாலு நர்ஸு ஒரே ரூம்ல இருந்தோம், குளிர்காலத்துல ஹீட்டர் போயிட்டு, மூணு வாரம் கோட்டு போட்டுட்டு படுத்தோம், ரசீதும் கெடையாது அக்ரிமெண்டும் கெடையாதுங்கிறதால ஒருத்தி கூட வாய தெறக்கல. காலி பண்ணப்ப டெபாசிட்டும் போச்சு, அந்த காசு உனக்கு கிறிஸ்துமஸுக்கு கம்மல் எடுக்க வச்சிருந்தது. மாசசூசெட்ஸ்ல டெபாசிட் ஒரு மாச வாடகைக்கு மேல கேக்கக்கூடாது, நீ காலி பண்ணி 30 நாளைக்குள்ள திருப்பி குடுத்தாகணும், பிடிச்சா எதுக்கு பிடிச்சாங்கன்னு கணக்கு காட்டணும். அந்த ஊர்ல பாதி வீட்டு அக்ரிமெண்ட் செப்டம்பர் 1-க்கு தான் மாறும், அதனால கோடையில ஊருக்குப் போற காலேஜ் பிள்ளைங்க ரூம உள்வாடகைக்கு விடுவாங்க, நீங்க நாலு நாலு பேரா பிரிஞ்சு அப்படி ரெண்டு எடம் பாருங்க. வீடியோ கால்ல வீட்டுக்குள்ள நடந்து காட்டச் சொல்லு, வீட்டுக்காரருக்கு தெரிஞ்சு தான் விடுறாங்களான்னு எழுத்துல வாங்கு, போட்டோவ மட்டும் நம்பி ஒரு யூரோ அனுப்பாத.

இப்ப நான் சொல்ல வந்தது. 2015 ஜூன் 16 உனக்கு ஞாபகம் இருக்காது, உனக்கு ஒன்பது வயசு. அன்னைக்கு எனக்கு பகல் டியூட்டி. கலிஃபோர்னியால பெர்க்லின்னு ஒரு ஊர், அங்க ஜே-1-ல போன அயர்லாந்து பிள்ளைங்க ஒரு அபார்ட்மெண்ட்ல பிறந்தநாள் கொண்டாடிட்டு இருந்திருக்காங்க, நடுராத்திரி தாண்டி முக்கா மணி நேரம் போல, பால்கனில பதிமூணு பேர் நின்னப்ப அது அப்படியே பேந்து விழுந்துட்டு. ஆறு பேரு போயிட்டாங்க, ஏழு பேருக்கு பலத்த அடி. எங்களுக்கு செய்தி வந்தப்ப யாரு பேரும் தெரியாது, ஐரிஷ் மாணவர்கள், கலிஃபோர்னியா, அவ்வளவு தான். எங்க வார்டுல இருந்த சீனியர் நர்ஸு ஒருத்தங்களோட மகன் அந்த வருஷம் சான் டியேகோல இருந்தான். அது வேற ஊரு, எட்டு மணி நேர தூரம், அவங்களுக்கும் தெரியும். தெரிஞ்சும் மருந்து ரூம்ல கதவ சாத்திட்டு நின்னு போன் போடுறாங்க, போடுறாங்க, அங்க விடியக்காலம், பையன் ஒறங்குறான், எடுக்க மாட்டேங்குறான். ஒரு கையில போனு, இன்னொரு கையில யாருக்கோ குடுக்க எடுத்த மாத்திரை டப்பா, அந்த டப்பா கடகடன்னு ஆடுன சத்தம் இன்னைக்கும் என் காதுல கெடக்கு. நான் அத கையிலேர்ந்து மெதுவா வாங்கி வச்சேன். பன்னெண்டாவது தடவையோ என்னமோ எடுத்தான். "என்னம்மா"ன்னு தூக்கக் கலக்கத்துல அவன் கேட்டது எனக்கும் கேட்டுச்சு. அவங்க ஒண்ணும் பேசல, தரையில உக்காந்துட்டாங்க.

அந்த அபார்ட்மெண்ட் பழைய வீடு இல்ல மக்களே. 2007-ல தொறந்தது, எட்டு வருஷம் தான் ஆகியிருந்துச்சு. பால்கனிய தாங்குற மர உத்தரத்துக்குள்ள தண்ணி போய் மாட்டி, வெளிய தெரியாம உள்ளுக்குள்ளேயே உளுத்துப் போயிருந்துச்சு. மேல தரையும் கைப்பிடியும் நல்லா தான் இருந்திருக்கும், யாரு சந்தேகப்படுவா. சில பேரு அன்னைக்கு பிள்ளைங்க ஆடுனாங்க, கூட்டமா நின்னாங்கன்னு பேசினாங்க, எனக்கு பொறுக்கல, பால்கனில நாலு பேரு சேந்து நிக்கிறது ஒரு தப்பா? தப்பு கட்டினவங்க மேல. அன்னைக்கு யாரோட பிறந்தநாளோ அந்த பொண்ணு தப்பிச்சா, ஆனா ரொம்ப அடிபட்டு, அப்பறமா கலிஃபோர்னியா சட்டசபைக்கே போய் நின்னு இனிமே பால்கனிய சோதிக்கணும்னு பேசினா. 2018-ல அங்க சட்டமும் வந்துச்சு. அவ 2022 புத்தாண்டு அன்னைக்கு காலமாயிட்டா. செய்திய பாத்துட்டு நான் அன்னைக்கு முழுக்க சமைக்கல.

அது அவளோட 21-வது பிறந்தநாள். உனக்கு இந்த ஆகஸ்ட்ல 21, நீ பாஸ்டன்ல இருப்ப. இத எழுதவா வேண்டாமான்னு ரொம்ப நேரம் பேனாவ வச்சிட்டு இருந்தேன், எழுதிட்டேன்.

நீங்க வீடு பாக்குற டார்செஸ்டர் பக்கம் பூரா மூணு மாடி மர வீடுங்க, டிரிப்பிள் டெக்கர்னு சொல்லுவாங்களாம், ஒவ்வொரு மாடிக்கும் மரத்துல பால்கனி மாதிரி ஒரு போர்ச் வெளிய நீட்டிட்டு இருக்கும், நூறு வருஷத்து வீடுங்க நெறைய. கோடை ராத்திரி எல்லாரும் அங்க தான் வந்து நிப்பீங்க, வீட்டுக்குள்ள வெக்கையா இருக்கும்லா. நிக்காதேன்னு நான் சொல்லல. குடி போன மொத நாளே கீழ தெருவுல எறங்கி நின்னு அண்ணாந்து பாரு. மரம் கருத்திருக்கா, பூஞ்சை மாதிரி ஏதாவது மொளச்சிருக்கா, தண்ணி வடிஞ்ச கறை இருக்கா, பெயிண்ட் உரிஞ்ச எடத்துல சாவிய வச்சு குத்தினா பொதபொதன்னு உள்ள போகுதா, மேல கால் வச்சா தரை தொய்யுதா, சுவர்கிட்ட விரிசல் இருக்கா. இருந்துச்சுன்னா யார் என்ன நெனச்சாலும் அதுல ஏறாத, ஏற விடாத, வீட்டுக்காரர்ட்ட சொல்லு, கேக்கலைன்னா 311-க்கு போன் பண்ணு, அது அந்த சிட்டியோட நம்பர், ஆபத்துன்னா 911. மரம் நல்லா இருந்தாலும் மூணு நாலு பேருக்கு மேல ஒரே நேரத்துல நிக்காதீங்க. "இவ என்னடா கெழவி மாதிரி"ன்னு ஃப்ரெண்ட்ஸு சொல்லுவாங்க, சொல்லட்டும். எட்டு பேருல ஒருத்தியாவது அத சொல்றவளா இருக்கணும், அது நீயா இருந்தா எனக்கு போதும்.

பிறந்தநாள் வர்ற வரைக்கும் உனக்கு இருபது தான், அங்க குடிக்க 21 ஆகணும், இங்க பதினெட்டுலேர்ந்து பப்புக்கு போன பழக்கத்துல அங்க யாராவது போலி ஐடி தர்றேன்னு சொன்னா வாங்காத, விசாவே போயிடும். ஒடம்புக்கு முடியலைன்னா இன்ஷூரன்ஸ் கார்டு பர்ஸ்லயே இருக்கட்டும், சின்ன காய்ச்சலுக்கெல்லாம் எமர்ஜென்சிக்கு ஓடாத, பில்லு பயங்கரமா வரும், அர்ஜென்ட் கேர்னு தனியா இருக்கும் அங்க போ, ஆனா நெஞ்சு வலி, தலையில அடின்னா பில்ல நெனைக்கவே நெனைக்காத, நேரா எமர்ஜென்சி. ரோட்டுல வண்டி எதிர்ப்பக்கமா வரும், முதல்ல இடது பக்கம் பாக்கணும், மொத வாரம் தான் தப்பு வரும். ஐரிஷ் கான்சுலேட் பாய்ல்ஸ்டன் தெருவுல இருக்கு, ரியான்னு ஒரு அமைப்பு இருக்கு, ஜே-1 பிள்ளைகளுக்கு உதவி பண்றவங்க, ரெண்டு நம்பரையும் போன்ல போட்டு வை.

எங்க வார்டுல காரரோ பக்கத்துலேர்ந்து ஒரு பாட்டி இருந்தாங்க, இங்க மேற்குக் கரை கனமாரா ஆளு. அவங்க அக்காமாரு எல்லாம் பாஸ்டன் தான் போனாங்களாம். போறதுக்கு முந்தின ராத்திரி ஊரே வீட்டுல கூடி விடிய விடிய பாடி ஆடி அழுவாங்களாம், அதுக்கு "அமெரிக்கன் வேக்"னு பேரு. வேக்குன்னா நம்ம ஊர்ல எழவு வீட்டுல ராத்திரி முழிச்சிருப்போம்லா, அதே தான். போனவங்க திரும்பி வரமாட்டாங்கன்னு உயிரோட இருக்கும்போதே அப்படி அனுப்பினாங்களாம். நீ பாஸ்டன் போகப்போறன்னு சொன்னேன், அவங்க என் கைய பிடிச்சிட்டு "செப்டம்பர்ல வந்துருவால்ல"ன்னு கேட்டாங்க. வந்துருவா பாட்டின்னு சொன்னேன்.

பருப்புப்பொடியும் மொளகாப்பொடியும் இடிச்சு தர்றேன், கருவேப்பிலை மட்டும் பையில வைக்காத, அமெரிக்காவுக்குள்ள பச்சைக் கருவேப்பிலைக்கு தடை, அவங்க செக்கிங் ஷானன்லயே நடக்கும், உங்கப்பா வெளிய வாசல்ல நின்னுக்கிட்டு இருக்கும்போதே உள்ள எடுத்து குப்பையில போட்டுருவாங்க.

வீடு முடிவானதும் அட்ரஸ் அனுப்பு. எத்தனாவது மாடின்னும் எழுது, அவங்க கணக்குல தரைத்தளமே ஒண்ணு, அதனால அவங்க மூணுன்னு சொன்னா நமக்கு ரெண்டு. போர்ச் இருந்துச்சுன்னா கீழ நின்னு அதோட அடிப்பக்கத்த ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, நல்ல வெளிச்சத்துல எடு.

அம்மா