எலன் நிகழ்ச்சியும் எட்டுச் செலவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் எலன் டிஜெனரஸின் பகல்நேர உரையாடல் நிகழ்ச்சி பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். முதலில் ஒரு சின்னத் திருத்தம். நிகழ்ச்சி 2020இல் நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பெயர் கெட்டது அந்த வருடம்தான். நின்றது 2022 மே 26ஆம் திகதி. கடைசி நிகழ்ச்சியின் துண்டுகளை காஸ் வரிசையில், வெறும் சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்று யூடியூபில் பார்த்தவள் நான். அந்தக் காலத்தை மறக்க முடியுமா?

மற்றபடி எழுச்சியை நன்றாகவே சொல்லியிருக்கிறீர்கள். 1997இல் தான் ஒருபாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னவர், அடுத்த வருடமே தன் நகைச்சுவைத் தொடரை இழந்தவர், 2003 செப்டெம்பரில் பகல் ஒளிபரப்பில் திரும்பி வந்து 19 பருவங்கள் ஆடிப் பாடிப் பகிடி விட்டது லேசான காரியம் இல்லை.

வீழ்ச்சியை எழுதிய விதத்தில்தான் எனக்கு வழக்கு. 'அன்பாயிருங்கள்' என்று தினமும் சொன்ன பெண்ணின் இரட்டை முகம் என்று முடித்துவிட்டீர்கள். ஆனால் 2020இல் அது தொடங்கியது முகத்தில் இல்லை, சம்பளத்தில். அந்த ஏப்ரலில், கொரோனா முடக்கத்துக்குள், மேடைக் குழுவினருக்குத் தங்கள் சம்பளம் என்ன ஆகும் என்று ஒழுங்காகச் சொல்ல ஆளில்லை. எலன் வீட்டிலிருந்து நிகழ்ச்சி செய்ய வெளிக் கம்பனி ஒன்றைப் பிடித்தார்கள் என்று வரைட்டி சஞ்சிகை எழுதியது. ஜூலையில் பஸ்ஃபீட் இணையத்தளத்தில் செய்தி வந்தது. சுகயீன லீவு எடுத்தவர்களுக்கும் செத்தவீட்டுக்குப் போனவர்களுக்கும் வேலை போனதாக முன்னாள் ஊழியர்கள் சொன்னார்கள். ஓகஸ்டில் தயாரிப்பாளர்கள் மூவர் வெளியேற்றப்பட்டார்கள். ஊழியர்களுக்குப் பிறந்தநாள் லீவு கூடக் கிடைத்ததாம். செப்டெம்பரில் எலன் மன்னிப்புக் கேட்டார், ஆனாலும் அடுத்த ஆறு மாதத்தில் பார்வையாளர் சராசரி 26 இலட்சத்திலிருந்து 15 இலட்சத்துக்கு இறங்கிவிட்டது.

செத்தவீடு என்ற இடத்தில் நான் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

கொழும்பில் ஒரு தொலைக்காட்சியின் காலை மகளிர் நிகழ்ச்சியில் நான்கு வருடம் உதவியாளராக இருந்தேன். விருந்தினருக்கு மைக் குத்துவது, பவுடர் ஒற்றுவது, பிளேன்டீ கொண்டுவந்து வைப்பது, எல்லாம் நான்தான். கடிதம் கிடையாது, நாள் கணக்குச் சம்பளம். அப்பாச்சி மோசம் போனதாக மட்டக்களப்பிலிருந்து செய்தி வந்தது. தயாரிப்பாளரிடம் சொன்னேன். "போங்கோ பிள்ளை, ஆனா வெள்ளிக்கிழமை ரெக்கோர்டிங் இருக்கு" என்றார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கும் நிற்காமல் இரவு பஸ் எடுத்து வியாழன் விடியவே வந்திறங்கினேன். வாசலில் காவலாளி கொப்பியைப் புரட்டினார், என் பெயரில் கோடு கிழித்திருந்தது. சீவல் நிறத்தில் பேனைக் கோடு, நேராகக் கூட இல்லை. அதற்கு இரண்டு கிழமைக்கு முதல்தான் எங்கள் அறிவிப்பாளர் அக்கா, துக்கத்தில் இருப்பவர்களோடு எப்படிப் பேச வேண்டும் என்று அரை மணித்தியாலம் நிகழ்ச்சி செய்திருந்தார். நல்ல நிகழ்ச்சி அது. நானும் பின்னால் நின்று கண்ணைத் துடைத்தேன்.

அந்த அக்காவுக்கு நான் போனது தெரிந்திருக்குமா என்றுகூட எனக்குச் சந்தேகம். அவர் கெட்டவர் இல்லை. கோடு கிழித்தது அவர் கை இல்லை, கிழித்த கையை ஒருவரும் கேட்டதில்லை. அங்கேயாவது செய்தியாளர்கள் பின்னால் நின்றவர்களைத் தேடிப் போய்க் கேட்டார்கள், மூன்று பேரின் கதிரை போனது.

சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் தமிழ் அலைவரிசைகளிலும் நாள் சம்பளத்துக்கு நிற்கும் பிள்ளைகள் இருப்பார்கள். ஒரு நிருபரை அனுப்புங்கள். வரவேற்பறையில் கேட்டால் உள்ளே விடமாட்டார்கள்; மத்தியானம் ஒரு மணிக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போகச் சொல்லுங்கள், அங்கேதான் இருப்பார்கள்.

இப்படிக்கு,
வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06