அப்பாவுக்கு, லெஸ்டரிலிருந்து

26 பிப்ரவரி 2023, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. பொங்கல் முடிந்த கையோடு எழுதியிருக்கிறீர்கள், ஒரு மாதத்துக்கு மேல் எங்கே சுற்றியதோ தெரியவில்லை. டிசம்பரில் இங்கே தபால்காரர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள்கூடத் தாமதமாகத்தான் வந்தன. நீங்கள் தபால்காரர்கள் பக்கம்தான் பேசுவீர்கள், தெரியும். நானும் அந்தப் பக்கம்தான். நான் இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் வேலைதான், வேறொன்றும் இல்லை. போனில் பேசினால் உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது, மீதியைச் செல்வி உங்கள் காதில் கத்துகிறாள், அதில் அவள் தன் கதையையும் சேர்த்துவிடுகிறாள். அதனால் கடிதமே சரி.

நான் நன்றாக இருக்கிறேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் குடோனில் மூச்சுவிட நேரமில்லாமல் வேலை இருந்தது. இப்போது ஷிஃப்ட் கொஞ்சம் கம்மி. ஜனவரி, பிப்ரவரியில் எல்லா வருஷமும் அப்படித்தானாம், ஊரே பண்டிகைக்குச் செலவழித்துவிட்டு வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காலம். ராத்திரி ஒன்பது மணிக்குள் போனில் மெசேஜ் வந்தால் மறுநாள் வேலை, வராவிட்டால் ஓய்வு. உடம்புக்கு ஓய்வும் வேண்டும்தானே.

குளிர் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். டிசம்பரில் பனி கொட்டியது, செல்விக்குப் போட்டோ அனுப்பினேனே, அது ஒரு வாரம்தான் அழகு. வெளியே இருக்கும் குளிரைவிட வீட்டுக்குள் இருக்கும் குளிர்தான் பெரிய பிரச்சினை. எங்கள் வீட்டு மீட்டரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து கணக்கெடுத்துவிட்டுப் போவார்கள், முதல் 100 யூனிட்டுக்குக் காசில்லை. இங்கே முதலில் காசு, அப்புறம்தான் கரண்டு. கேஸுக்கு ஒரு அட்டை, கரண்டுக்கு ஒரு பிளாஸ்டிக் சாவி. தெருமுனைக் கடையில் பணம் கொடுத்து ஏற்றிக்கொண்டு வந்து மீட்டரில் சொருக வேண்டும். ஹீட்டரைப் போட்டால் மீதிப் பணம் இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. போடாவிட்டாலும் தினமும் நிலைக்கட்டணம் என்று ஒரு தொகை தானாகக் கழிந்துவிடும். ஒருவேளை தீர்ந்துபோனால் அவசரக் கடன் என்று கொஞ்சம் கொடுக்கும், அடுத்த தடவை ஏற்றும்போது முதல் வேலையாக அதைப் பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் என்னோடு தங்கியிருக்கும் குமார் சொல்லித் தெரிந்துகொண்டது, எங்களுக்கு அந்த நிலைமை வந்ததில்லை.

உக்ரைன் போருக்கு அப்புறம் கேஸ் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. அக்டோபரிலிருந்து அரசாங்கம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது, சராசரி வீட்டுக்கு வருஷத்துக்கு 2,500 பவுண்டு என்று டிவியில் சொல்வார்கள். எவ்வளவு எரித்தாலும் 2,500-க்கு மேல் வராது என்று குமார் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான். வரம்பு யூனிட் விலைக்குத்தான், அதிகம் எரித்தால் அதிகம் கட்ட வேண்டும் என்று புரிய வைப்பதற்குள் ஒரு வாரம் ஹீட்டர் ஓடிவிட்டது. அது போக, வீட்டுக்கு 400 பவுண்டு உதவியை ஆறு மாதத்துக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள், மாதம் 66 அல்லது 67 பவுண்டு. எங்களைப் போல பழைய மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு அது தபாலில் வவுச்சராக வரும், தபால் ஆபீஸிலோ கடையிலோ கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். நீங்கள் மணியார்டர் கொண்டுவரும் நாளில் கீழத்தெருப் பாட்டிகள் திண்ணையில் உட்கார்ந்து உங்கள் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருப்பார்களே, அந்த மாதிரி நானும் குமாரும் ஜன்னலோரம் நிற்கிறோம்.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறாள் என்று முன்பே சொன்னேன் அல்லவா, குப்பைத் தொட்டியை மாற்றி வைத்ததற்குக் கதவைத் தட்டித் திட்டியவள். இப்போது எங்களுக்குக் குடித்தனம் நடத்தக் கற்றுக்கொடுப்பதே அவள்தான். எண்பதைத் தாண்டியவள். வீட்டுக்குள்ளேயே கோட்டு, குல்லாய். பரிசுப்பொருள் சுற்றி வந்த காகிதத்தை இஸ்திரி போட்டு மடித்து வைக்கிறாள். பழைய காலுறைக்குள் துணி அடைத்துத் தைத்து, கதவுக்கு அடியில் காற்று வராமல் வைக்க எங்களுக்கு ஒன்று கொடுத்தாள். சட்டியை மூடாமல் சமைப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து மூடியை எடுத்து அவளே மூடிவிட்டுப் போனாள், ஒரு வார்த்தை பேசவில்லை. உலகப் போர் முடிந்தும் இந்த நாட்டில் ரேஷன் 1954 ஜூலை வரைக்கும் இருந்ததாம். மிட்டாய்க்கான கட்டுப்பாடு நீங்கியது 1953 பிப்ரவரியில். அன்றைக்குக் கடைக்கு ஓடினதை நேற்று நடந்த மாதிரி சொல்கிறாள். இந்தக் குளிர்காலம் அவளுக்குப் பெரிய விஷயமாகவே தெரியவில்லை. "உங்களுக்கு இன்னும் பழகவில்லை" என்கிறாள். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது, ஆனால் அவளிடம் தேயிலைப்பையை ஒரு தடவை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

அவளும் நானும் நூலகத்தில்தான் அடிக்கடி பார்த்துக்கொள்கிறோம். வேலை இல்லாத நாளில் நூலகத்துக்குப் போய்விடுகிறேன், படிக்கிற பழக்கம் விட்டுப்போகக் கூடாது பாருங்கள். அங்கே நாள் முழுக்க ஹீட்டர் ஓடும், காசும் கிடையாது. இந்த வருஷம் பல ஊர்களில் நூலகம், சர்ச் எல்லாவற்றிலும் யார் வேண்டுமானாலும் வந்து குளிர்காயலாம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்து சர்ச்சில் வாரம் ஒரு நாள் அரிசி, டின், காய்கறி என்று பையில் போட்டுக் கொடுக்கிறார்கள். குமார் போய் வாங்கி வருவான். நான் பை தூக்கக் கூடப் போவேன், அவ்வளவுதான். அங்கே பெயர் எழுதும் அம்மாள் ரொம்ப நல்ல மாதிரி, வரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், எனக்கு மல்லித்தழை பிடிக்கும் என்று எடுத்து வைக்கிறாள்.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். விலைவாசி ஏறியிருக்கிறது என்று நீங்கள் பேப்பரில் படித்தது உண்மைதான், அக்டோபரில் 11.1 சதவீதம், நாற்பது வருஷத்தில் இல்லாத அளவு. இரண்டேகால் லிட்டர் பால் போன வருஷத் தொடக்கத்தில் 1.15 பவுண்டு, இப்போது 1.65. ஆனால் இந்த ஊரில் பெல்கிரேவ் ரோடு பக்கம் குஜராத்திக் கடைகள் நிறைய. வீட்டில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து மூட்டையாக அரிசியும் துவரம்பருப்பும் வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். தயிர் உறையத்தான் பாடாய்ப் படுத்தியது. வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள் வைக்கச் சொன்னது பாட்டி, இப்போது கத்தியால் வெட்டி எடுக்கிற மாதிரி உறைகிறது. முடிவெட்டுவதும் வீட்டிலேதான். போன வாரம் வீடியோவில் பார்த்துவிட்டு "யார் தலையில் கை வைத்தது" என்று அம்மா கேட்டாளே, குமார்தான்.

இந்த வாரக் கூத்து தக்காளி. ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் பருவம் தப்பியதால் விளைச்சல் வரவில்லை, இந்த ஊர் விவசாயிகளோ கேஸ் விலைக்குப் பயந்து கண்ணாடிக் குடில்களைச் சூடாக்காமல் விட்டுவிட்டார்கள். பெரிய கடைகள் சிலவற்றில் ஆளுக்கு மூன்று பாக்கெட் தக்காளிதான். மந்திரி ஒருவர் பார்லிமென்டில், இந்தப் பருவத்தில் கிடைக்கிற டர்னிப் சாப்பிடலாமே என்கிற மாதிரி பேசிவிட்டார், ஊரே சிரிக்கிறது. அது நம் நூல்கோலுக்குச் சொந்தக்காரக் கிழங்கு. சாம்பாரில் போட்டால் ஒன்றும் மோசமில்லை. தக்காளி இல்லாவிட்டால் என்ன, புளி ரசம் வைக்கத் தெரிந்தவனுக்குப் பஞ்சம் எங்கே.

ஒன்று பார்க்க வேண்டும் நீங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பெரிய கடைகளில் அன்றைக்குத் தேதி முடிகிற சாமான்களுக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலையைக் குறைப்பார்கள். ஒட்டுகிற பையன் கையில் மெஷினோடு வருவதற்குப் பத்து நிமிஷம் முன்பே ஆட்கள் வந்துவிடுவார்கள். யாரும் வரிசையில் நிற்கிற மாதிரி நிற்க மாட்டார்கள். ஒருவர் வெண்ணெய் டப்பாவில் எழுதியிருப்பதைப் படிப்பார், ஒருத்தி போனில் பேசுவாள், டை கட்டிய ஆள் ஒருவர் மீனையே பார்த்துக்கொண்டிருப்பார். முதல் ஸ்டிக்கர் ஒட்டிய சத்தம் கேட்டதும் எல்லோர் கையும் ஒரே நேரத்தில் நீளும். அப்போதும் "நீங்கள் எடுங்கள்", "இல்லை, நீங்கள்" என்று மரியாதை வேறு. எனக்கு அங்கே ரொட்டியும், சில நாள் கோழியும் கிடைக்கும். வேடிக்கை பார்க்கத்தான் போவேன்.

அம்மா கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாய் போன ஞாயிற்றுக்கிழமையோடு தீர்ந்தது. பாட்டிலைக் கழுவ மனசு வரவில்லை. சூடாகச் சோறும் கொஞ்சம் நல்லெண்ணெயும் அதற்குள்ளேயே போட்டு மூடி குலுக்கினேன், மூலையில் ஒட்டியிருந்த உப்பும் மிளகாயும் சோற்றில் ஏறி ஒரு மாதிரி சிவப்பாக வந்தது. குமார் ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தான், வீட்டில் யாருமில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நம் வீட்டு மொட்டைமாடியும், அம்மா வற்றல் காயப்போட்டுவிட்டு காக்காய் விரட்ட என்னை உட்கார வைக்கும் வெயிலும் வந்துவிட்டது அப்பா. அந்த வெயிலைத்தான் அப்போது எப்படித் திட்டியிருக்கிறேன். இங்கே துவைத்த துணி அறைக்குள்ளேயே இரண்டு நாள் ஈரமாகத் தொங்கும், காலையில் ஜன்னல் கண்ணாடியிலிருந்து தண்ணீரைத் துடைத்துப் பிழிய வேண்டும், அலமாரிக்குப் பின்னால் சுவரில் கருப்பாகப் பூசணம். ஊருக்கு வரலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. டிக்கெட் விலையைப் பார்த்ததும் போய்விட்டது. இந்தப் பத்தியை மட்டும் அம்மாவுக்குப் படித்துக் காட்டாதீர்கள்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

பதினைந்தாயிரம் அனுப்பியிருக்கிறேன். வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கிறதே என்று அம்மா கேட்பாள். செப்டம்பரில் தொண்ணூறு ரூபாய்க்கும் கீழே போன பவுண்டு இப்போது நூறை ஒட்டி நிற்கிறது, நூறைத் தாண்டட்டும், மீதியை அனுப்புகிறேன். அவசரப்பட்டு மாற்றினால் நஷ்டம்.

கூட்டுறவு சங்கத்தில் இருக்கும் அம்மாவின் இரட்டைவடத்துக்கு மார்ச்சோடு கெடு முடிகிறது என்று எழுதியிருந்தீர்கள். முழுசாகத் திருப்ப வேண்டாம். வட்டியை மட்டும் கட்டி மறு அடகாக மாற்றிவிடுங்கள், அனுப்பிய பணம் அதற்குப் போதும். டீக்கடையில் தள்ளுபடி வரப்போகிறது என்று யாராவது சொன்னால் நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். ஐந்து பவுன் வரைக்கும் தள்ளுபடி செய்தது 2021 மார்ச் 31 வரை இருந்த கடனுக்கு, நாம் வைத்தது அதற்கு அப்புறம். கெடு தாண்டினால் நோட்டீஸ், அதற்கப்புறம் ஏலம் என்று போகும். நோட்டீஸ் கொண்டுவருவது உங்கள் பழைய ஆபீஸ் பையன்தான், அவனுக்கு எதற்கு அந்தச் சங்கடம்.

கீழக்காட்டைப் பெரிய மாமா கேட்கிறார், நல்ல விலை தருவார், கல்விக் கடனை மொத்தமாக முடித்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். விற்க வேண்டாம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் அவகாசம் இருக்கிறது, செப்டம்பரில்தான் தவணை ஆரம்பம். இங்கே ஏப்ரல் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 9.50-லிருந்து 10.42 ஆகிறது. வேறு இரண்டு இடத்திலும் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். பெரிய மாமா இப்போது கேட்பதற்குக் காரணம் நம் மேல் இருக்கும் பாசம் இல்லை, அவர் கிணற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவில் அந்த ஒரு ஏக்கர்தான் தடையாக இருக்கிறது. உளுந்து இந்த வருஷம் எவ்வளவு கண்டது என்று நீங்கள் எழுதவே இல்லையே?

செல்விக்கு அந்தப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்துவிட்டதாமே. அதை வீட்டுச் செலவில் சேர்க்காதீர்கள், அவள் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் வைத்துக்கொள்ளட்டும். கரண்டு இணைப்போடு ஆதார் இணைத்தது நல்லது, அப்படியே தாத்தா பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்றவும் எழுதிக் கொடுங்கள், சித்தப்பா கையெழுத்து வேண்டுமென்றால் கோவில் கொடைக்கு வரும்போது பிடித்துவிடுங்கள், அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியாது. உங்கள் காதுக்கு அரசு ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா? காட்டவில்லை என்றால் இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே செல்வியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அம்மாவை மூட்டுவலி மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படி மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

அன்புடன்,
உங்கள் மகன்

பின்குறிப்பு: பெரிய மாமா தெருவில் பார்த்து நிலத்தைப் பற்றிக் கேட்டால், பையனிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை, தபால் ரொம்பத் தாமதம் என்று சொல்லிவிடுங்கள்.