வீரர் விழுந்தால் எல்லாமே மாரடைப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இதயக் கோளாறால் இளம் வயதில் விளையாட்டை விட்டு விலகும் வீரர்களைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களில் செய்தி வந்தால், தலைப்பில் ‘மாரடைப்பு’ என்ற சொல் குந்திக்கொண்டிருப்பது வழக்கமாகிவிட்டது. சொற்பிழைதானே, போகட்டும் என்று விடமுடியவில்லை. அதைப் படித்துப் பழகிய பெற்றோர், மகன் ஓடும்போது மயங்கி விழுந்தான் என்றால் நேரே ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போய்க் கொலஸ்ட்ரோலும் சீனியும் பார்க்கிறார்கள். இரண்டும் அளவோடு இருக்கிறது என்றதும் மறுநாளே பயிற்சிக்கு அனுப்பிவிடுகிறார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையை மைதானத்தில் சாய்க்கும் நோய்களில் பெரும்பாலானவை அந்த இரத்தப் பரிசோதனையில் தலைகாட்டுவதே இல்லை.

மாரடைப்பு என்பது குழாய் அடைப்பு. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி அடைபட்டுத் தசை சாகிறது. ஆள் அநேகமாக நினைவோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். இதய நிறுத்தம் மின்சாரக் கோளாறு. கீழறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கத் தொடங்கும், இரத்தம் வெளியே போகாது, சில செக்கன்களில் நினைவு போய்விடும். முதலாவது முற்றி இரண்டாவதில் முடிவதும் உண்டுதான். ஆனால் 35 வயதுக்குக் கீழ்ப்பட்ட வீரர்களில் காரணம் பெரும்பாலும் பிறவியிலேயே வந்த தசைக் கோளாறோ, மின்னோட்டக் கோளாறோ, காய்ச்சலுக்குப் பின் வந்த தசை அழற்சியோதான்.

நான்கு உதைபந்தாட்ட வீரர்களைப் பாருங்கள். 2019 மே 1 ஆம் திகதி போர்ட்டோ கழகப் பயிற்சியில் 37 வயது இக்கர் கசியாஸுக்கு வந்தது மாரடைப்பு. 2021 ஜூன் 12 கோப்பன்ஹேகனில் பின்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் கிறிஸ்டியன் எரிக்சனுக்கு நடந்தது இதய நிறுத்தம். 2012 மார்ச் 17 லண்டனில் ஃபாப்ரிஸ் முவாம்பாவுக்கும் அதுவே: இதயம் 78 நிமிடங்கள் தானாகத் துடிக்கவில்லை, 15 தடவை மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிழைத்தார், அதே ஆண்டு ஓகஸ்டில், 24 வயதில், விளையாட்டை விட்டார். சேர்ஜியோ அகுவேரோவின் இதயம் நிற்கவில்லை. 2021 ஒக்டோபர் 30 பார்சலோனாவின் ஆட்டமொன்றில் நெஞ்சில் அசௌகரியம் என்று நடந்தே வெளியேறினார். துடிப்பின் ஒழுங்கு கெட்டிருப்பது தெரிந்தது. ஒன்றரை மாதத்தில், 33 வயதில், கண்ணீரோடு விடைபெற்றார். நால்வரையும் ஒரே சொல்லில் அடைத்தால் வாசகருக்கு என்ன விளங்கும்?

“எரிக்சன் பற்றரி வைத்துக்கொண்டு விளையாடினாரே, மற்றவர் ஏன் ஓய்வு பெறவேண்டும்?” என்பது அடுத்த கேள்வி. அந்தப் பற்றரிதான் ஐசிடி. பொதுவாக இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கும் இந்தக் கருவி, துடிப்பைக் காவல் காத்து, ஆபத்தான தாளம் வந்தால் அதிர்ச்சி கொடுத்து வழிக்குக் கொண்டுவரும். நோயை அது தொடாது. இங்கிலாந்துக்காக 7 டெஸ்ட், 27 ஒருநாள் ஆட்டங்கள் ஆடிய ஜேம்ஸ் டெய்லர் 2016 ஏப்ரலில் 26 வயதில் ஓய்வுபெற்றார். வைரஸ் தொற்று என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகே ஏஆர்விசி என்று தெரிந்தது. இந்நோயில், இதயத் தசைக் கலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதம் பிறவியிலேயே பலவீனம். இழுபட இழுபடக் கலங்கள் பிரிந்து, அவ்விடத்தில் கொழுப்பும் தழும்பும் வந்து அமர்கின்றன. நீண்ட நேரப் பயிற்சியில் அதிகம் இழுபடுவது மெல்லிய சுவருள்ள வலது கீழறை. ஆகப் பயிற்சியே நோயை வளர்க்கிறது. டெய்லருக்கும் கருவி பொருத்தினார்கள். அதனால் மட்டையை மீண்டும் எடுக்கலாம் என்றாகவில்லை.

சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. இத்தாலியில் ஐசிடி வைத்தவருக்குத் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் அனுமதி கிடையாது. அதனால்தான் 2021 டிசம்பரில் இன்டர் மிலானோடு எரிக்சனின் ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த மாதமே இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்ட் அவரை எடுத்துக்கொண்டது. அதே இத்தாலி 1982 முதல் போட்டி வீரர்களுக்கு, இதயத்தின் மின்னோட்டத்தைத் தாளில் பதியும் ஈசிஜி பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. வெனெட்டோ மாநிலத்தில் வீரர்களின் திடீர் இதய மரணம் ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேருக்கு 3.6 இலிருந்து 2004 அளவில் 0.4 ஆக இறங்கியது. இஸ்ரேலும் 1997 இல் கட்டாயமாக்கியது; அங்கே அப்படியொரு இறக்கம் தெரியவில்லை. ஈசிஜியை யார் எடுக்கிறார், அந்தத் தாளை யார் வாசிக்கிறார் என்பதும் கணக்கில் வரும் என்பது எங்கள் எண்ணம்.

நமது ஊரில் முதற் பிழை எடுப்பதிலேயே நடக்கிறது. மார்பில் ஒட்டும் வி1 முதல் வி6 வரையான ஆறு முனைகளில் வி1, வி2 இரண்டும் நான்காவது விலா இடைவெளியில், நெஞ்செலும்பின் வலமும் இடமுமாக வரவேண்டும். தொண்டைக்குழியிலிருந்து விரலைக் கீழே இறக்கினால் எலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அதன் பக்கத்தில் இருப்பது இரண்டாம் விலா, அதற்குக் கீழே இரண்டாம் இடைவெளி, அங்கிருந்து இன்னும் இரண்டு எண்ணினால் நான்காவது. எண்ணாமல் கண்மட்டத்தில் ஒட்டினால் ஓரிரு இடைவெளி மேலே போய்விடும். உடனே இதயத்தில் இல்லாத மின்னோட்டத் தடையும் தலைகீழ் டி அலையும் (ஒவ்வொரு துடிப்பின் கடைசியில் வரும் மேடு) தாளில் முளைக்கும். ஒன்றுமில்லாத பிள்ளைக்கு நோயாளிப் பெயர் விழும். பயிற்சி முடிந்த வியர்வையோடு எடுத்தால் கோடு அலைபாயும். துடைத்து, பத்து நிமிடம் படுக்கவிட்டு எடுக்கவேண்டும்.

இயந்திரம் தாளின் தலைப்பக்கத்தில் அடித்துத் தரும் ‘அப்நோர்மல்’ என்ற சொல்லைப் பார்த்து ஒருவரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கக் கூடாது. ஓய்வில் நிமிடத்துக்கு 40 துடிப்பு, உயரமான அலைகள் இரண்டும் நல்ல ஓட்ட வீரரின் அடையாளம். 16 வயதுக்குக் கீழே வி1 முதல் வி3 வரை டி அலை கவிழ்ந்திருப்பது வயதுக்குரியது. வி5, வி6 இல் கவிழ்ந்திருந்தால் மட்டும் எந்த வயதிலும் எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படமெடுப்பது) பார்க்காமல் விடக்கூடாது. ஒரு துடிப்பில் கீழறைகளின் மின்வேலை தொடங்கி அடங்கும்வரை உள்ள கியூடி இடைவெளியைக் கையால் அளந்து, இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட செக்கனின் வர்க்கமூலத்தால் வகுக்கவேண்டும். அளந்தது 380 மில்லிசெக்கன் என்று வைத்துக்கொள்வோம்: துடிப்பு 60 என்றால் விடை 380 தான், பதற்றத்தில் 90 துடித்தால் அதே 380 கணக்கில் 465 ஆகிவிடும். ஆண்களில் 470, பெண்களில் 480 தொட்டால் கியூடி நீட்சி என்ற நோய்ச் சந்தேகம் என்பதால், பயந்துபோய்ப் படுத்திருக்கும் பையன் எல்லைக்கு எவ்வளவு கிட்ட வந்துவிடுகிறான் பாருங்கள். வாந்திக்கு எடுக்கும் டொம்பெரிடோன், சில அன்டிபயோடிக் மாத்திரைகள் இந்த இடைவெளியை நீட்டுபவை. எடுக்குமுன் கேட்டுவிட வேண்டும்.

எக்கோவில் இடது கீழறைச் சுவர் 12 மில்லிமீற்றர் வரை பயிற்சியால் தடிக்கலாம். 15 ஐத் தொட்டால் தசைத் தடிப்பு நோய் என்ற முடிவை நோக்கிப் போவார்கள். 2003 இல் லியோனில் ஆட்டத்தின் 72 ஆவது நிமிடத்தில் விழுந்து இறந்த கமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோவுக்கு இருந்தது இந்நோய்தான். இடையே 13, 14 இல் நிற்பவர் பாடு சங்கடம். மூன்று மாதம் பயிற்சியை அடியோடு நிறுத்தி மீண்டும் அளப்பார்கள்: பயிற்சியால் வந்தது இறங்கும், நோயால் வந்தது இறங்காது. இடம் போய்விடும் என்ற பயத்தில் வீரர் விடியற்காலையில் காலிமுகத்திடலில் இரகசியமாக ஓடினால் அந்த மூன்று மாதமும் வீண். அளப்பதே மில்லிமீற்றரில் என்பதால், இரண்டாம் முறையும் அதே இயந்திரத்தில், அதே கையால் அளப்பது நல்லது. சந்தேகம் தீராவிட்டால் மருந்து ஏற்றி எடுக்கும் இதய எம்ஆர்ஐ. தழும்பை அது காட்டும்.

ட்ரெட்மில் சோதனையில் வயதுக்குக் கணித்த உச்சத் துடிப்பின் 85 வீதம் வந்ததும் நிறுத்தும் பழக்கம் ஐம்பது வயது அலுவலகக்காரருக்குப் போதும். வீரருக்கு அது சூடேற்றல். களைத்து இனி முடியாது என்னும்வரை ஓடவிட்டு, நிறுத்திய பின்னும் சில நிமிடம் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்க்கவேண்டும். துடிப்பைத் தொடர்ந்து பதியும் 24 மணிநேர ஹோல்டர் கருவியை வீட்டில் படுத்திருக்கும் நாளில் மாட்டுவதிலும் பயனில்லை. பயிற்சி உள்ள நாளில் மாட்டவேண்டும்.

ஓய்வுக்கே போகாமல் தவிர்க்கக்கூடிய காரணம் ஒன்றும் உண்டு. டெங்கு, எலிக்காய்ச்சல், சாதாரண வைரஸ் காய்ச்சல் எல்லாமே இதயத் தசையை அழற்றக்கூடியவை. இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு அரையிறுதிக்கு இறங்குவது வீரம் என்று பயிற்றுநர்கள் இன்னும் நினைக்கிறார்கள். காய்ச்சலுக்குப் பின் படபடப்பு, நெஞ்சுவலி, வழக்கமான ஓட்டத்துக்கே மூச்சு வாங்கல் இருந்தால் ஈசிஜியும், இதயத் தசைச் சேதத்தை இரத்தத்தில் காட்டும் ட்ரொபோனினும் பார்க்கவேண்டும். அழற்சி உறுதியானால் வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் விளையாட்டு இல்லை. அந்த ஆறு மாதத்தைக் கொடுக்க மறுத்தால், தழும்பு தங்கி முழு ஓய்வாக முடியலாம்.

மைதானத்துக்கு வருவோம். வீரர் யாரும் முட்டாமல் தானாகச் சரிந்தால், வேறு காரணம் தெரியும்வரை இதய நிறுத்தம் என்றே கொள்ளவேண்டும். முதல் அரை நிமிடத்தில் கை கால் இழுக்கலாம். வலிப்பு என்று சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். வாய் திறந்து கொறட்டைபோல் இடையிடையே காற்றை விழுங்கலாம். மூச்சு இருக்கிறது என்று முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். அது மூச்சு இல்லை. நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தத் தொடங்கவேண்டும். ஒன்றும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 வீதம் குறைகிறது. ஓட்டோவில் தூக்கிப்போட்டு வைத்தியசாலைக்கு ஓடுவது, அழுத்தாமல் அந்த நிமிடங்களைச் செலவழிப்பது.

1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழைப்பவர் மைதானத்தின் பெயரோடு எந்த வீதிப் பக்கக் கேற்றால் வரவேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். ஒருவர் போய் அதைத் திறந்துவைத்து நிற்கவேண்டும். பாடசாலைப் பெரும் போட்டி நாட்களில் பின்கேற்றுக்குப் பூட்டு, அதன் சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. மைதானத்திலேயே மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஈடி கருவி வாங்கிய இடங்களிலும் இதே கதை: அலுமாரிக்குள் வைத்துப் பூட்டு. 105 க்கு 68 மீற்றர் உதைபந்தாட்டத் திடலின் மூலைக்கு மூலை 125 மீற்றர்; நன்றாக ஓடுபவருக்கும் போய்வர ஒரு நிமிடம். விழுந்து மூன்று நிமிடத்துக்குள் அதிர்ச்சி கொடுக்கவேண்டுமென்றால் கருவி மாற்று வீரர்களின் ஆசனத்துக்கடியில் இருக்கவேண்டும். பயிற்றுநரின் கார் டிக்கிக்குள் வெயிலில் வைத்தால் ஒட்டும் தகட்டின் பசை காய்ந்துவிடும். கருவியோடு கத்தரிக்கோல், சவரக்கத்தி, ஒரு துவாய். கொழும்பு வெக்கையில் நனைந்த நெஞ்சில் தகடு ஒட்டாது, துடைத்தே ஆகவேண்டும். ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கத்தில். பற்றரிக்கும் தகட்டுக்கும் காலாவதித் திகதி உண்டு, மாதம் ஒருமுறை பார்க்கவேண்டும்.

ஐசிடி கருவி பொருத்திக்கொண்டு விளையாட அனுமதி கிடைத்தவர்கள் ஒன்றைக் கேட்டு வைத்திருக்கவேண்டும்: எந்தத் துடிப்பில் அதிர்ச்சி கொடுக்க அமைத்திருக்கிறார்கள்? 180 இல் அமைத்து, வீரர் ஓட்டத்தில் 190 தொட்டால், நோய் எதுவும் கிளம்பாமலே உதை விழலாம்.

கடைசியாக, ஓய்வு பெற்றவரின் வீடு. தசைத் தடிப்பு, ஏஆர்விசி இரண்டும் பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருபவை. பிள்ளைக்கு வரும் வாய்ப்புப் பாதிக்குப் பாதி. அவருடைய தம்பி அதே கழகத்தில் பந்து உதைத்துக்கொண்டிருப்பான். அவனுக்கும் ஈசிஜி, எக்கோ பார்க்கவேண்டும்; இப்போது தெளிவாக இருந்தாலும் வளரும் வயதில் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டும். குடும்பத்தில் நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் காரணமில்லாமல் மூழ்கி இறந்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். கியூடி நீட்சியின் ஒரு வகை நீந்தும்போதுதான் வெளிப்படும். பழைய ஈசிஜி தாள்களை எறியவேண்டாம். வெப்பத்தில் பதியும் தாள் என்பதால் சில வருடங்களில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே போட்டோகொப்பி எடுத்துவிடுங்கள். கடைக்காரர் ஏ4 இல் அடங்கட்டும் என்று சிறிதாக்கப் பார்ப்பார். விடக்கூடாது. கட்டம் சுருங்கினால் அளவும் போய்விடும்.

இப்படிக்கு,
ஈசிஜி பதிவிலும் விளையாட்டு மருத்துவத்திலும் பணியாற்றுவோர்,
கொழும்பு.