அழிக்காத ஃபோனுக்கு அழித்ததாகச் சான்றிதழ்: ஒரு புகார்

அனுப்புநர்:
தையற்கடை உரிமையாளர்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி மாவட்டம்.
(பெயர், முகவரி, ஆர்டர் எண் ஆகியவை தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
பழைய கைபேசிக் கொள்முதல் பிரிவு,
சென்னை.

பொருள்: நான் விற்ற கைபேசியிலுள்ள தகவல்களை அழிக்காமலேயே அழித்ததாகச் சான்றிதழ் கொடுத்தது, லாக் நம்பர் ஒட்டிய நிலையிலேயே வெளியாருக்கு அதை விற்றது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த நவம்பர் இறுதியில் என் பழைய ஆண்ட்ராய்டு ஃபோனை உங்கள் நிறுவனத்துக்கு விற்றேன். அது இந்த மாதம் வேறொரு மாவட்டத்தில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையின் மேசையில் கிடந்தது. முதுகில் என் லாக் நம்பர் எழுதிய ஸ்டிக்கர். உள்ளே ஒரு படம்கூட அழியவில்லை. ஆனால் எல்லாத் தகவலும் நிரந்தரமாக அழிக்கப்பட்டுவிட்டது என்று நீங்கள் அனுப்பிய சான்றிதழ் என் மெயிலில் இருக்கிறது. ஆப்பில் நான் பதிந்த புகாரை ‘தீர்க்கப்பட்டது’ என்று குறித்து மூடிவிட்டீர்கள். எதுவும் தீரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த ஃபோனில் என்ன இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பெண்களுக்கான தையற்கடை நடத்துகிறேன். கல்யாணப் பிளவுஸ், ஆரி வேலை, சுடிதார். இப்போதெல்லாம் பாதி வேலை வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. பின்கழுத்து எவ்வளவு இறக்கம் வேண்டும் என்று காட்டப் பழைய பிளவுஸைப் போட்டுப் படம் எடுத்து அனுப்புவார்கள். ட்ரையல் போட்டுப் பார்த்துவிட்டு, தோளில் எங்கே தூக்குகிறது, கையில் எங்கே பிடிக்கிறது என்று கண்ணாடி முன் நின்று படம் அனுப்புவார்கள். அளவு நோட்டின் பக்கங்களையும் படமெடுத்து வைத்திருப்பேன். ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், ஃபோன் நம்பர், மார்பளவு, இடுப்பளவு, டெலிவரி தேதி. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவர்களின் முகவரியும் அதிலேயே இருக்கும். புது ஃபோனில் வாட்ஸ்அப் போட்டதும் பழையதில் அது தானாக வெளியேறிவிட்டது. ஆனால் வந்த படங்கள் கேலரியில் அப்படியே இருந்தன. இவற்றோடு என் குடும்பத்தின் ஆதார், ரேஷன் கார்டு படங்களும் வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திகளும் உண்டு. என் வீட்டுச் சமாச்சாரத்தை நான் எப்படியோ தாங்கிக்கொள்வேன். அந்தப் பெண்களின் படங்கள் என்னுடையவை அல்ல. என்னை நம்பி, எனக்கு மட்டும் என்று அனுப்பியவை.

அதனால்தான் விற்கும் அன்று அவற்றை என் கண்முன்னால் அழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். ஃபோனின் திரையில் கீழ்ப்பாதி தொடுதலை எடுக்காது. விற்பதற்குக் காரணமே அதுதான், உங்கள் ஆப்பிலும் அதைக் குறிப்பிட்டிருந்தேன். உங்கள் பிக்கப் ஊழியர் வந்தபோது, கல்லூரியில் கணினி படிக்கும் என் மகன் கம்ப்யூட்டர் மவுஸை எடுத்து, ஒரு சின்ன ஓடிஜி இணைப்பியில் கோத்து ஃபோனில் செருகினான். திரையில் அம்புக்குறி வந்தது. தொடுதல் இல்லாவிட்டாலும் எல்லா வேலையும் அதில் நடந்தது. சிம்மையும் மெமரி கார்டையும் முன்பே கழற்றிவிட்டோம். கூகுள் கணக்கை நீக்கினால்தான் எடுத்துக்கொள்வோம் என்றார் ஊழியர். மகன் மவுஸிலேயே அதை நீக்கினான். அடுத்து செட்டிங்ஸில் மொத்தத் தகவலையும் அழிக்கும் இடத்துக்குப் போனபோது ஊழியர் கையை நீட்டித் தடுத்தார்.

அவர் சொன்ன காரணம் இது. ஃபோனின் நிலையைப் பரிசோதிக்கும் உங்கள் ஆப் அந்த ஃபோனுக்குள்ளேயே ஓட வேண்டும். ரிசெட் செய்தால், அதாவது மொத்தத்தையும் அழித்தால், ஆப்பும் போய்விடும். பரிசோதனை அறிக்கை போன பிறகு ரிசெட் செய்தால் கணக்கு ஒத்துவராமல் ஆர்டர் ரத்தாகும். கிடங்கில் உங்கள் மென்பொருள் எல்லாவற்றையும் அழித்துச் சான்றிதழும் அனுப்பும், கவலைப்பட வேண்டாம். இதே வாக்குறுதி உங்கள் ஆப்பிலும் எழுத்தில் இருந்தது. அதையும் திறந்து காட்டினார். பிறகு தர சோதனைக்கு வேண்டும் என்று லாக் நம்பரைக் கேட்டு, ஆர்டர் எண் அச்சிட்ட வெள்ளை ஸ்டிக்கரில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, ஃபோனின் முதுகில் ஒட்டி, உறையில் போட்டார். அந்தத் தம்பியின் மீது எனக்குக் கோபமில்லை. நீங்கள் வகுத்துக் கொடுத்த முறைப்படிதான் அவர் நடந்தார். என் புகார் அந்த முறையின் மீதுதான்.

கூகுள் கணக்கை எடுக்காமல் ரிசெட் செய்தால், பழைய கணக்கின் கடவுச்சொல்லையோ லாக் நம்பரையோ கேட்டு அந்த ஃபோன் பூட்டிக்கொள்ளக்கூடும். திருட்டைத் தடுப்பதற்காக ஆண்ட்ராய்டு 5.1 காலத்திலிருந்து இருக்கும் பாதுகாப்பு இது. மறுவிற்பனைக்கு அது தடையாக இருக்கும் என்பதால் அதை நீக்குவதை நீங்கள் கட்டாயமாக்கியிருக்கிறீர்கள். அதாவது, உங்களுக்கு இடைஞ்சலான பூட்டை என் கையாலேயே எடுக்க வைத்தீர்கள். என் வாடிக்கையாளர்களின் படங்களை அழிக்க மட்டும் விடவில்லை. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே மவுஸில், ஒன்றன்பின் ஒன்றாக முடிந்திருக்கக்கூடிய வேலை.

சான்றிதழ் அன்று மாலையே வந்துவிட்டது. அதில் என் ஃபோனின் ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு ஃபோனுக்குமான தனி அடையாள எண்), அழிப்பு முடிந்த நேரமாக மாலை 6:42 என்றும் இருக்கிறது. அதே ஆர்டருக்கு நீங்கள் அனுப்பிய இன்னொரு செய்தி, ஃபோன் சென்னைக் கிடங்கில் பெறப்பட்டது மறுநாள் பிற்பகல் என்கிறது. 6:42க்கு அந்த ஃபோன் திருநெல்வேலியைக்கூடத் தாண்டியிருக்காது. பணம் என் கணக்கில் ஏறிய அதே நிமிடத்தில் சான்றிதழும் கிளம்பியிருக்கிறது. ஃபோனை எவரும் தொடாமலே உங்கள் கணினி தானாக அச்சடித்து அனுப்பும் தாள்தான் இது என்பதைத் தவிர வேறு விளக்கம் இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மாதம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பழுதான ஃபோன்களை மொத்தமாக வாங்கி, திரை மாற்றி விற்கும் மெக்கானிக் ஒருவர். “அக்கா, உங்க பழைய ஃபோன் ஒண்ணு எங்கிட்ட வந்திருக்கு. எதையுமே அழிக்காம அனுப்பியிருக்காங்க. கடை விசிட்டிங் கார்டு படம் முதல்லயே இருந்துச்சு, அதுலதான் நம்பர் எடுத்தேன், மேல எதையும் பார்க்கல” என்றார். வீடியோ காலில் ஃபோனைத் திருப்பிக் காட்டினார். அதே வெள்ளை ஸ்டிக்கர், அதே ஆர்டர் எண், அதே கையெழுத்தில் என் லாக் நம்பர். ஐஎம்இஐ எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தோம், ஒன்றேதான். கேலரியைத் திறந்ததும் கல்யாணப் பெண் ஒருத்தியின் ட்ரையல் படம் வந்து நின்றது. அவர் உடனே ஃபோனைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டார். பிறகு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழு ரிசெட் செய்து, புது ஃபோன் போல அது ‘வரவேற்கிறோம்’ என்று எழும்வரை லைனில் இருந்தார். சில நிமிட வேலை. நீங்கள் செய்ததாகச் சான்றளித்த வேலையை, எனக்காக எதையும் செய்யும் கடமை இல்லாத ஒரு மனிதர் செய்தார். அவர் பெயரையும் ஊரையும் நான் எழுதப்போவதில்லை. அவரைத் தேடிப் பிடித்துத் தொல்லை கொடுக்க நினைக்க வேண்டாம்.

அதே மூட்டையில் இன்னும் பல ஃபோன்கள் வந்ததாகவும், சிலவற்றின் முதுகில் இதே போல எண் எழுதிய ஸ்டிக்கர் இருப்பதாகவும் அவர் சொன்னார். என்னை உண்மையில் தூங்கவிடாமல் செய்தது அதுதான். என் ஃபோன் ஒரு நல்லவர் கையில் கிடைத்தது. மற்றவை?

உங்கள் வாடிக்கையாளர் சேவை மையம் எனக்குச் சொன்ன இரண்டு பதில்களுக்கும் இங்கே மறுமொழி சொல்கிறேன்.

முதல் பதில், சாதாரண ரிசெட்டில் தகவல் முழுமையாக அழியாது, நிறுவனத்தின் மென்பொருளால்தான் அழிக்க முடியும், அதனால்தான் வாடிக்கையாளரை அழிக்கவிடுவதில்லை என்பது. பழைய ஃபோன்களில் அந்தக் குறை இருந்தது உண்மை. 2015இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 21 பழைய ஆண்ட்ராய்டு ஃபோன்களை வாங்கிச் சோதித்து, ரிசெட் செய்த பிறகும் படங்களையும் செய்திகளையும் மீட்டுக் காட்டினார்கள். அவை ஆண்ட்ராய்டு 2.3 முதல் 4.3 வரையிலானவை. என்னுடையது ஆண்ட்ராய்டு 12. ஆண்ட்ராய்டு 10 முதல் புதிதாக வரும் ஃபோன்களில் உள்ளிருக்கும் தகவல் குறியாக்கம் செய்யப்பட்டே சேமிக்கப்படுகிறது. ரிசெட் செய்தால் அதைத் திறக்கும் சாவி அழிந்துவிடும், மிச்சம் இருப்பது எவருக்கும் புரியாத குப்பை. ஆனால் லாக் நம்பர் தெரிந்தவருக்கு இந்தப் பாதுகாப்பு இருந்தும் இல்லாததுதான். பீரோவைப் பூட்டிச் சாவியைக் கைப்பிடியிலேயே கட்டித் தொங்கவிட்டதுபோல் என் ஃபோனை நீங்கள் ஊர் ஊராக அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் மென்பொருள் எவ்வளவு உயர்ந்ததாகவும் இருக்கட்டும். வாடிக்கையாளர் ஒருமுறை அழித்த பிறகு நீங்கள் மறுமுறை அழிப்பதை யார் தடுத்தார்கள்?

இரண்டாவது பதில், நான் விற்றவள், நீங்கள் வாங்கியவர்கள், ஆகவே நான் நுகர்வோரே அல்ல என்பது. உங்கள் ரசீதைப் பாருங்கள். ஒப்புக்கொண்ட விலையிலிருந்து ‘பிக்கப் மற்றும் தகவல் அழிப்புச் சேவை’ என்று 99 ரூபாய் கழித்திருக்கிறீர்கள். காசு கொடுத்துச் சேவை பெற்றவள் நுகர்வோர்தான். நுகர்வோர் நம்பிக்கையின் பேரில் கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாக மற்றவருக்கு வெளியிடுவதை, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே வகைப்படுத்துகிறது. கடவுச்சொல்லை, கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டிய தனிப்பட்ட தகவல் என்று 2011ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. நீங்கள் அதை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறி, 2025 நவம்பரில் அதன் விதிகளும் அறிவிக்கப்பட்டுவிட்டன. அதன் கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது. கிடங்கு முறையை இப்போதே மாற்றிக்கொள்வது உங்களுக்கும் நல்லது.

நான் கேட்பது இதுதான். என் வீட்டு வாசலிலிருந்து அந்த மெக்கானிக் கைக்குப் போகும்வரை ஃபோன் யார் யாரிடம் இருந்தது, யார் திறந்தார்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும். பொய்யான சான்றிதழைத் திரும்பப் பெற்று, அது தவறு என்று கையொப்பமிட்ட கடிதம் தர வேண்டும். அந்தக் கடிதம் எனக்கு மிக முக்கியம். நடந்ததை என் வாடிக்கையாளர்களிடம் நானே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். மறைத்துத் தொழில் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பெரும்பாலானோர் புரிந்துகொண்டார்கள். ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா மட்டும், வெட்டாமல் இருந்த பட்டுத் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனார். யார் மீது தவறு என்று அவரிடம் காட்ட என் கையில் ஒரு தாள் வேண்டும்.

அதே மூட்டையில் போன மற்ற ஃபோன்களின் பழைய உரிமையாளர்களுக்கும் நீங்கள் தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் எண்கள் உங்களிடம் இருக்கின்றன. விற்ற ஃபோன்களைத் திரும்ப வரவழைத்து அழிக்க வேண்டும். இனி பரிசோதனை முடிந்ததும், பணம் தருவதற்கு முன், வாடிக்கையாளர் கண்ணெதிரிலேயே ரிசெட் செய்வதை முறையாக்குங்கள். திரை வேலை செய்யாத ஃபோன்களுக்காக ஊழியரின் பையில் ஒரு மவுஸும் ஓடிஜி இணைப்பியும் இருக்கட்டும். மவுஸாலும் முடியாத அளவுக்குச் செத்துப்போன ஃபோனுக்கு, உள்ளே இருப்பதை அழிக்க முடியவில்லை என்று உண்மையைச் சொல்லி, விற்பதா வேண்டாமா என்ற முடிவை உரிமையாளரிடம் விடுங்கள். லாக் நம்பரை எழுதி ஒட்டும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். எனக்கான இழப்பீடு என்ன என்பதை நீங்களே சொல்லுங்கள், ஏற்கத்தக்கதா என்று பார்க்கிறேன். ஆனால் இழப்பீட்டைக் கொடுத்து மற்றவற்றை மூடிவிட முடியாது.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, இந்தப் புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டியது உங்கள் கடமை. ஆப்பில் நான் கொடுத்த புகாருக்கு இரண்டுமே நடக்கவில்லை. இம்முறையும் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நானே பேசலாம் என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறேன். அந்தப் படங்களில் ஒன்றாவது எங்காவது வெளியே வந்தால், அன்றே 1930 சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுப்பேன். அதில் உங்கள் கிடங்கின் பெயரும் இருக்கும்.

ரசீது, சான்றிதழ், ஃபோன் கிடங்கில் பெறப்பட்டதாக வந்த செய்தி, வீடியோ காலில் எடுத்த ஸ்டிக்கரின் படம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். படத்தில் லாக் நம்பரை மறைத்திருக்கிறேன். அசல்கள் என்னிடம் உள்ளன. பதிலைத் தொலைபேசியில் சொல்லாமல் எழுத்தில் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
பாளையங்கோட்டை