சோற்றுப் பொட்டலம் சரி, மண்வெட்டி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை வெள்ளத்தின்போது கோவில், சர்ச், மசூதித் தொண்டர்கள் செய்யும் உதவிகளைப் பற்றிப் போன வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் செய்தி, படம் எல்லாமே சோறு கொடுப்பதோடு நின்றுவிட்டன. தாராவியில் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பல வருஷமாகப் பார்க்கிறவள் நான். சோற்றுக்கு அப்புறம் நடப்பதையும் யாராவது எழுத வேண்டும்.

2005 ஜூலை 26-ஐ மும்பைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அதே நாளில் கொலாபாவில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிட்டி நதி கலினா, குர்லா, தாராவி என்று வழி நெடுக வீடுகளுக்குள் புகுந்தது. குருத்வாரா, கோவில், மசூதி, சர்ச் என்று எல்லாரும் கதவைத் திறந்துவிட்டார்கள், அடுப்பை மூட்டினார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் மூன்றாம் நாளே எங்கள் சந்தில் கிச்சடி மிஞ்சிப்போய் நாய்கூடச் சீண்டவில்லை. ஆளுக்குத்தான் பஞ்சம்.

தண்ணீர் வடிந்த வீட்டைச் சுத்தம் செய்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் குடித்த பஞ்சு மெத்தையை நாலு பேர் பிடித்தால்தான் வாசலைத் தாண்டும். பிளைவுட் அலமாரி ஊதிப்போய்க் கதவு திறக்காது. ரேஷன் கார்டும் பிள்ளைகளின் சான்றிதழும் அதற்குள்தான் இருக்கும். சாக்கடைச் சேற்றை ஈரத்தோடு அள்ளாவிட்டால் அப்புறம் சிமென்ட் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் ஒரு கிழவியும் மருமகளும் மட்டும் இருந்தால் என்ன செய்வார்கள்?

எங்கள் பக்கம் பாதி வீடுகளுக்குத் தையல் மெஷின்தான் சோறு போடுகிறது. அப்போது பக்கத்து சர்ச்சின் இளைஞர் குழுவிலிருந்து நாலைந்து பையன்கள் வந்தார்கள், அவர்களே தையல்காரர்கள். மெஷின் தலையைக் கழற்றி, சேறு போக நல்ல தண்ணீரில் கழுவி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார்கள். பாபின் கேஸுக்குள் இறுகிப்போன மணலை ஊசியால் நெண்டி எடுத்தார்கள். எண்ணெய் விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, சத்தத்தைக் காது வைத்துக் கேட்டார்கள். பாய் வீட்டு மெஷினா, பூசாரி வீட்டு மெஷினா என்றெல்லாம் பார்க்கவில்லை. மோட்டார் போனவற்றைத் தவிர மற்றவை கொஞ்ச நாளில் ஓட ஆரம்பித்தன. அவர்களை எந்தப் பத்திரிகையும் படம் எடுக்கவில்லை. (அவர்களும் எதிர்பார்க்கவில்லை, அது வேறு விஷயம்.)

இது புதிதும் இல்லை. 1899-இல் கல்கத்தாவில் பிளேக் பரவியபோது ராமகிருஷ்ண மிஷன் சார்பில் சகோதரி நிவேதிதா துடைப்பத்தோடு தெருவில் இறங்கினார். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளம் வடிந்த பிறகு முஸ்லிம் இளைஞர்கள் கோவில்களையும் கழுவிவிட்டார்கள். மத நல்லிணக்கம் என்று அதைக் கொண்டாடினோம், சரி. கையில் துடைப்பமும் பிளீச்சிங் பவுடருமாக அவர்கள் வந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

உதவ வருகிறவர்கள் மதத்தை வீட்டில் வைத்துவிட்டு வரட்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆடிக் கூழுக்கு வாங்கிய அண்டாவும் நோன்புக் கஞ்சிக்கு வாங்கிய தேக்சாவும்தானே வெள்ளத்தில் அடுப்பேறுகின்றன? எந்த வீட்டில் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார்கள் என்பது வார்டு ஆபீஸைவிடப் பங்குச் சாமியாருக்கு நன்றாகத் தெரியும். 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது கன்னியாகுமரியில் காணாமல் போன மீனவர்களின் பட்டியலை ஊர் ஊராகத் திரட்டியவை பங்குக் கோவில்கள்தான். அரசின் கணக்கு அதைவிடக் குறைவாக இருந்தது.

ஆனால் கொடுக்கிற இடத்தில் பேனரைக் கட்டாதீர்கள். ஒருமுறை ஒரு அமைப்பின் வண்டி வந்து நின்றது. போட்டோகிராபர் வரவில்லை என்று கைக்குழந்தைக்காரிகளை மழையில் நிற்க வைத்துவிட்டார்கள். பெயர் வேண்டாம். நிவாரணத்தில் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்க்கக் கூடாது என்று பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவே சொல்கிறது. எங்கள் கூட்டத்தில் பெயர் கொடுத்தால்தான் போர்வை என்கிறவர்கள் அதைப் படித்துப் பார்க்கட்டும். இன்னொன்று, பெண்களையும் அழைத்து வாருங்கள். நாப்கின் வேண்டும் என்று ஒரு பெண்பிள்ளை எந்தத் தொண்டர் அண்ணனிடம் போய்க் கேட்பாள்?

அடுத்தது காகித வேலை. பஞ்சநாமாவில், அதாவது அதிகாரி நேரில் வந்து சேதத்தைப் பார்த்து எழுதும் அறிக்கையில், பெயர் ஏறினால்தான் நஷ்ட ஈடு. படிவம் மராத்தியில் இருக்கும். அதிகாரி வருகிற நேரத்தில் வேலைக்குப் போனவர் பெயரும் வாடகைக்கு இருப்பவர் பெயரும் விட்டுப்போகும். பஜனை மண்டலியில் மராத்தி எழுதத் தெரிந்த ஒருவர் சாயங்காலம் ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்தால் போதும், சந்தில் பலருக்கு வேலை முடியும்.

சேறு அள்ள வருகிறவர்கள் வெறுங்காலோடு வர வேண்டாம். 2005 வெள்ளத்துக்கு அப்புறம் ஆகஸ்டில் எலிக்காய்ச்சல் எப்படிப் பரவியது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். கம்பூட், கையுறை, காலில் புண் இருந்தால் டாக்டரைப் பார்த்து முன்கூட்டியே மாத்திரை. இதையெல்லாம் ஜூன் பிறப்பதற்குள் வாங்கி வைக்க எந்தக் கோவில் கமிட்டிக்கும் ஜமாத்துக்கும் பங்குப் பேரவைக்கும் பணமில்லாமல் இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த வழிபாட்டுத் தலத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் இருக்கிறது, எங்கே மண்வெட்டியும் ஆளும் கிடைக்கும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதை தாராவி, சயான், செம்பூர், ஆண்டாப்ஹில் வாரியாக மே மாதத்திலேயே ஒரு பக்கத்தில் போடுங்கள். விவரம் திரட்ட ஆள் வேண்டுமென்றால் எங்கள் சந்துப் பெண்கள் வருவார்கள்.

இப்படிக்கு,
தாராவி வாசகி,
மும்பை - 17