சுகிஹாரா பதக்கம்: கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

1940-இல் லித்துவேனியாவின் கௌனஸில் ஜப்பானியத் துணைத்தூதராக இருந்த சியுனே சுகிஹாராவுக்காக நாம் செய்த பதக்கம் வந்துவிட்டது. 40 மில்லிமீட்டர் விட்டம், 925 தர வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி), மொத்தம் 60 பதக்கங்கள். கௌனஸில் உள்ள எங்கள் சின்ன நாணயக் குழுவுக்கு லித்துவேனிய மொழியில் நன்றி சொல்லியாயிற்று. இந்த மடல், பணமும் நேரமும் தந்துவிட்டு "என்னப்பா, எப்போ முடியும்?" என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த தமிழ் நண்பர்களுக்கு.

முதல் நன்றி, "முகம் வேண்டாம்" என்று சொன்ன அண்ணனுக்கு. நாங்கள் வழக்கம்போல சியுனே சுகிஹாராவின் பக்கவாட்டு முகத்தைத்தான் வரைந்து வைத்திருந்தோம். 1940 கோடையில் அந்த மனிதருக்கு ஓயாமல் வேலை செய்தது கைதானே என்று அண்ணன் கேட்டார். டோக்கியோ சம்மதிக்காத பிறகும், போலந்திலிருந்து தப்பி வந்த யூத அகதிகளுக்கு நாள் முழுக்க உட்கார்ந்து விசா எழுதியவர் அவர். அவருடைய பட்டியலில் 2,139 பெயர்கள். ஒரே விசாவில் ஒரு குடும்பமே போனதும் உண்டு. சரி என்று ஒப்புக்கொண்டோம். முன்பக்கத்தில் பேனா பிடித்த கை; பின்பக்கத்தில், வைஷ்கான்தோ தெருவில் ஜப்பானியத் துணைத்தூதரகமாக இருந்த வீடு.

அடுத்து, ஜப்பானிய மொழி கற்பிக்கும் அம்மாவுக்கு. பதக்கம் அடிக்கும் அச்சில் அவர் பெயரின் ஜப்பானிய எழுத்து இடம் வலமாக மாறித்தானே இருக்கும்? அதனால் எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. ஈயத்தில் அடித்த மாதிரியைக் கையில் வாங்கியதுமே, "பெயரின் கடைசி எழுத்தில் ஒரு கோடு குறைகிறது" என்றார். சியுனே என்று எழுதும் எழுத்துகளுக்கு ஆயிரம் பாத்திகள் என்று பொருளாம். நாங்கள் வெட்டி வைத்திருந்ததற்கு என்ன பொருளோ! பட்டறைக்காரர் தன் தவறில்லை என்றார், புது அச்சுக்கு மறுபடி பணமும் கேட்டார். அந்த வாரம், கேட்காமலே ஆளுக்குக் கொஞ்சம் அனுப்பிய ஏழு பேருக்கும் நன்றி. பெயர் போடக் கூடாது என்றீர்கள், போடவில்லை.

அப்புறம் ஒரு சண்டை. சுகிஹாரா தந்தது ஜப்பான் வழியாகக் கடந்துபோக மட்டுமான விசா. அதற்குப் போய்ச் சேர ஓர் ஊர் காட்ட வேண்டும். அந்த ஊரைக் காட்டியவர் யான் ஸ்வார்ட்டெண்டெய்க். ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் கௌனஸ் வேலைகளைக் கவனித்துக்கொண்டே நெதர்லாந்தின் கௌரவத் துணைத்தூதராகவும் இருந்தவர். நெதர்லாந்தின் ஆட்சியில் இருந்த குராசாவ் தீவுக்குள் நுழைய விசா தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தார். ஆளுநரின் அனுமதி வேண்டும் என்ற பாதியைத் தெரிந்தேதான் விட்டார். தான் எழுதித் தந்தவர்கள் பிழைத்தார்களா என்பது சரியாகத் தெரியாமலே 1976-இல் இறந்துபோனார்.

இந்தக் கதையெல்லாம் தெரிந்தும், "இரண்டு பெயர் போட்டால் நெரிசலாகிவிடும்" என்று முரண்டு பிடித்தது நான்தான். இங்கே மருத்துவம் படிக்கும் தங்கை ஒருத்தி, "விளிம்பு காலியாத்தானே இருக்கு?" என்றாள். இப்போது ஸ்வார்ட்டெண்டெய்க்கின் பெயர் விளிம்பைச் சுற்றி ஓடுகிறது. பெட்டியிலிருந்து வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். தங்கச்சி, அன்று உன்னிடம் கோபப்பட்டதற்கு மன்னிப்பையும் இத்துடன் சேர்த்துக்கொள்.

பதக்கத்தை இன்னும் வாங்கிக்கொள்ளாதவர்கள் நான்கு பேர். என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வெள்ளிப் பாத்திரத்தோடு சேர்த்துத் தேய்த்துவிடாதீர்கள். பள்ளங்களில் உள்ள கறுப்பு அழுக்கில்லை, கந்தகக் கரைசலில் முக்கி வேண்டுமென்றே ஏற்றியது. அது போனால் விரல்கள் தெரியாது.

அன்புடன்,
கௌனஸிலிருந்து உங்கள் நண்பன்